காட்டின் ஈரத்தை அளந்த பிறகே தவளையைத் தேடுங்கள்: படுவான்கரைக் காட்டுத் துண்டுகளுக்கான முழுமையான வழிகாட்டி

ஆவணி மாத நண்பகல். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில், உன்னிச்சைக் குளத்துக்கும் மேற்கே ஒரு காட்டுத் துண்டின் ஓரத்தில் நின்றோம். தென்மேற்கிலிருந்து வரும் வறண்ட கச்சான் காற்று முகத்தைச் சுட்டது. நெஞ்சு உயரத்தில் தொங்கிய கருவி 35 பாகை செல்சியஸ் காட்டியது. காட்டுக்குள் சிறிது தூரத்தில், விழுந்து பாதி உக்கிப்போன பாலைக் கட்டையின் அடியில் செருகி வைத்திருந்த கருவி 27 காட்டியது. கட்டையை ஒரு சாண் தூக்கிப் பார்த்தேன். செங்கல் நிறத் திட்டுகளோடு ஒரு குண்டுத் தவளை ஈர மண்ணில் வயிற்றை ஒட்டி, கால்களை உடலோடு ஒடுக்கி, கண் மூடி இருந்தது. அதன் முதுகில் ஒட்டியிருந்த மண் துகள்கள் இன்னும் மினுமினுத்தன. அது இருந்த இடம் ஓர் உள்ளங்கை அகலம்தான். அதற்கு வெளியே அந்தப் பகலை அது தாண்டியிருக்காது.

அந்த உள்ளங்கை அகலத்தின் வெப்பமும் ஈரமும்தான் நுண்காலநிலை. தவளை, தேரை போன்ற ஈரூடகவாழிகள் வாழ்வது மாவட்ட வானிலை அறிக்கை சொல்லும் காலநிலையில் அல்ல. தரையை ஒட்டிய ஒரு சாண் உயரத்துக்குள். அவற்றின் தோல் நீரைத் தடுத்து வைக்காது. சுவாசத்தின் ஒரு பங்கும் அந்த ஈரத் தோல் வழியாகவே நடக்கிறது. முட்டைக்கும் ஓடு கிடையாது.

என்னோடு வந்த மாணவர்களும் ஆர்வலர்களும் ஏறத்தாழ எல்லோருமே ஒரே இடத்தில் இடறியிருக்கிறார்கள். முதல் இரவே டோர்ச் லைட்டோடு தவளை எண்ணப் போவார்கள். ஒரு பட்டியல் கிடைக்கும். ஆனால் அந்தத் தவளை ஏன் அங்கே இருந்தது, ஏன் இங்கே இல்லை என்ற கேள்விக்கு அந்தப் பட்டியலில் பதில் இருக்காது. பதில் தெரியாமல் காக்கவும் முடியாது. ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

1. அனுமதியும் உயிர்ப் பாதுகாப்பும்

அந்தக் காடு யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்று கிராம உத்தியோகத்தரிடம் முதலில் கேளுங்கள். லாகுகலை, கல்லோயா போன்ற தேசியப் பூங்காக்கள் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு உரியவை. ஒதுக்குக் காடுகள் பெரும்பாலும் வன இலாகாவின் கீழ் வருகின்றன. ஒன்றின் அனுமதி மற்றதற்குச் செல்லாது. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் ஈரூடகவாழிகளுக்கும் பொருந்துகிறது. பிடிப்பதற்கும் கொண்டு போவதற்கும் எழுத்து மூல அனுமதி வேண்டும். இந்த வழிகாட்டியின் எந்தப் படியிலும் தவளையைப் பிடிக்க வேண்டியதில்லை.

யானை நடமாட்டத்தை அன்றன்றைக்கு வட்டைக் (வயல்வெளிக்) காவலில் இருப்பவர்களிடம் கேட்டறியுங்கள். நேற்றைய செய்தி இன்றைக்கு உதவாது. தனியாகப் போகாதீர்கள். புடையன் பாம்பு சருகோடு சருகாகக் கிடக்கும். முழங்கால் வரை ஏறும் பூட்ஸ் இல்லாமல் யாரையும் நான் அழைத்துச் செல்வதில்லை. காலில் புண் இருந்தால் தேங்கிய நீரில் இறங்க வேண்டாம், எலிக்காய்ச்சல் எங்கள் பகுதிக்குப் புதியதல்ல. மிதிவெடி அகற்றி முடிந்ததாக உறுதி செய்யப்படாத நிலத்தில், அங்கே எந்தத் தவளை இருந்தாலும், கால் வைக்காதீர்கள்.

2. கையில் இருக்க வேண்டியவை

வெப்பநிலையையும் ஈரப்பதனையும் தானாகப் பதியும் சிறு கருவிகள் குறைந்தது இரண்டு. நான்கு இருந்தால் நல்லது. பத்து வேண்டாம், பத்தைப் பராமரிக்க முடியாமல் விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வெள்ளை நிற யோகட் கோப்பைகள், மெல்லிய கம்பி, அளவுநாடா, நீர் ஊறாத நோட்டுப் புத்தகம், பென்சில், தலையில் கட்டும் விளக்கு, மழை அளக்க நேரான பக்கங்கள் கொண்ட ஒரு போத்தல். பேனா மை மழையில் கரைந்துவிடும், அதனால்தான் பென்சில். கைபேசி படம் எடுக்கவும் தவளைக் குரல் பதியவும் போதும்.

பூட்ஸ் கழுவ ஒரு தூரிகையும் வெளிற்றும் திரவமும் தனியாக வைத்திருங்கள். உலகின் பல இடங்களில் தவளைகளை அழித்த கைற்றிட் பூஞ்சை ஈரச் சேற்றோடு பயணிக்கக்கூடியது. அது 17 முதல் 25 பாகை வரை நன்றாக வளர்கிறது, 28க்கு மேல் வளர்ச்சி நின்றுவிடுகிறது. எங்கள் சமவெளியின் சூடு ஒரு காப்பு என்று இதை வைத்துச் சிலர் சொல்வார்கள். நாம் போவது அந்தச் சூடு எட்டாத குளிர்ந்த மூலைகளுக்குத்தான் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். மலைநாட்டுக்குப் போய் வந்த பூட்ஸைச் சேறு போகத் தேய்த்து, திரவத்தில் நனைத்து, வெயிலில் முற்றாகக் காயவைத்த பிறகே இங்கே போடுங்கள்.

3. கருவிகளை வீட்டிலேயே ஒப்பிடுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதவர்கள் மிகக் குறைவு. ஆனால் காட்டின் ஓரத்துக்கும் உள்ளுக்கும் நாம் தேடும் வேறுபாடு சில வேளை இரண்டு பாகைதான். இரண்டு கருவிகளே தமக்குள் ஒரு பாகை முரண்பட்டால் அளவீட்டில் பாதி பொய்யாகிவிடும்.

எல்லாவற்றையும் ஒரே ரெஜிபோம் (நுரைப் பிளாஸ்டிக்) பெட்டிக்குள் அருகருகே வைத்து, மூடி, ஒரு முழு நாள் விடுங்கள். அடுத்த நாள் அளவுகளைப் பக்கம் பக்கமாக எழுதிப் பாருங்கள். ஒன்று எப்போதும் 0.6 கூடக் காட்டினால் அதை வீச வேண்டாம், அந்த 0.6ஐக் கருவியின் முதுகில் எழுதி ஒட்டிவிட்டு, பிறகு கழித்துக்கொள்ளுங்கள்.

ஈரப்பதனுக்கு உப்புச் சோதனை. ஒரு சிறு மூடியில் மேசை உப்பைக் கொட்டி, கஞ்சிப் பதம் வரும் அளவு மட்டும் நீர் விடுங்கள். உப்பு முழுவதும் கரையக் கூடாது. அதையும் கருவியையும் ஒன்றையொன்று தொடாமல் காற்றுப் புகாத டப்பாவில் வைத்து ஓர் இரவு விடுங்கள். நிறைவுற்ற உப்புக் கரைசல் தன்னைச் சுற்றியுள்ள காற்றை 75 சதவீத ஈரப்பதனில் நிறுத்தி வைக்கும். உங்கள் கருவி 75க்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அதுவே அதன் பிழை.

எல்லாக் கருவிகளின் கடிகாரத்தையும் ஒரே கைபேசியைப் பார்த்துச் சரிசெய்து, 30 நிமிடத்துக்கு ஒரு பதிவு என்று அமையுங்கள். ஒரு மணிக்கு ஒன்று என்றால் பிற்பகல் உச்சம் நழுவிவிடும். ஐந்து நிமிடத்துக்கு ஒன்று என்றால் நினைவகமும் மின்கலமும் உங்களை முந்திக்கொண்டு தீரும்.

4. காட்டின் வடிவத்தைப் பாருங்கள், பரப்பளவை நம்பாதீர்கள்

"எங்கள் காடு ஒரு ஹெக்டேர்" என்று ஒருவர் சொன்னால் அடுத்த கேள்வி அதன் வடிவம் பற்றியதாக இருக்கட்டும். காட்டின் ஓரத்தில் வெயிலும் காற்றும் பக்கவாட்டில் நுழைகின்றன. அந்தத் தாக்கம் 30 மீட்டர் உள்ளே வரை எட்டுகிறது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். 100 மீட்டருக்கு 100 மீட்டர் சதுரக் காட்டில் நடுவே எஞ்சுவது 40க்கு 40, அதாவது 16 சதவீதம். அதே ஒரு ஹெக்டேர் 200க்கு 50 என்ற நீளத் துண்டாக இருந்தால் உள்ளே எதுவுமே எஞ்சாது; முழுவதும் ஓரம்தான்.

வட்டைகளுக்கும் தேக்கந்தோட்டங்களுக்கும் இடையில் வாய்க்கால் ஓரமாக எஞ்சியிருக்கும் காடுகள் பல இந்த நீளத் துண்டு வகை. அவற்றில் உட்பகுதித் தவளையைத் தேடி ஏமாறுவதைவிட, ஓரத்தை எப்படி அடைப்பது என்று முதலிலேயே யோசிக்கலாம்.

ஓரத்திலிருந்து உள்நோக்கி ஒரு நேர்கோடு போடுங்கள். 0, 10, 25, 50, 100 மீட்டரில் அடையாளம் கட்டுங்கள். தொடக்கத்தில் இடைவெளி நெருக்கமாக இருப்பதற்குக் காரணம், மாற்றம் அங்கேதான் வேகமாக நிகழ்கிறது. கோடு மேற்கு அல்லது தென்மேற்கு ஓரத்தில் தொடங்கட்டும். கச்சான் வரும் பக்கம் அது. தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தை மலைக்கு மறுபுறம் கொட்டிவிட்டு, இறங்கி, காய்ந்து, சூடாகி எங்களிடம் வருகிறது. தவளையைப் பொறுத்தவரை வெயிலைவிட அந்தக் காற்றே பெரிய எதிரி.

5. கருவியை எங்கே, எப்படிக் கட்டுவது

கருவி கட்டும் ஒவ்வோர் அடையாளத்திலும் இரண்டு உயரம்: நெஞ்சு உயரத்தில் ஒன்று, சருகுப் படைக்குள் ஒன்று. கருவி போதாவிட்டால் நெஞ்சு உயரத்தை விட்டுவிடுங்கள். மொத்தம் இரண்டுதான் இருக்கிறது என்றால் ஒன்று ஓரத்தின் சருகுக்குள், மற்றது 50 மீட்டர் உள்ளே சருகுக்குள்.

வெளிநாட்டுக் கையேடுகளில் "மரத்தின் வடக்குப் பக்கத்தில் கட்டுங்கள், அங்கே நிழல்" என்றிருக்கும். மட்டக்களப்பு நில நடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ ஏழே முக்கால் பாகையில் இருக்கிறது. சித்திரை நெருங்கும்போது சூரியன் எங்கள் தலைக்கு நேரே வந்து, பிறகு வடக்கே சென்று, ஆவணியில்தான் திரும்புகிறது. கச்சான் காலம் முழுவதும் வெயில் விழுவது வடக்குப் பக்கத்தில். ஆகவே எந்தப் பக்கம் கட்டினாலும் கருவிக்கு நாலாபுறமும் மறைப்புத் தேவை. நான்கு யோகட் கோப்பைகளின் பக்கங்களில் துளையிட்டு, கவிழ்த்து, இடைவெளி விட்டு அடுக்கி, நடுவே கருவியைத் தொங்கவிடுங்கள். வெயிலும் மழையும் படாது, காற்று மட்டும் போய் வரும். இலை இடுக்கில் விழும் ஒரு வெயில் பொட்டுக்கூடக் கருவியையே சூடாக்கிவிடும். பிறகு அது காற்றின் வெப்பத்தைச் சொல்லாது, தன் வெப்பத்தைச் சொல்லும்.

மிக அதிகமாக நான் கண்ட பிழை ஒன்று. மழைக்குப் பயந்து கருவியைப் பொலித்தீன் பைக்குள் போட்டு முடிச்சுப் போட்டுவிடுவார்கள். மூன்று வாரம் கழித்து எடுத்தால் எல்லா நாளும் ஈரப்பதன் 98, 99, 100. மாணவி ஒருவர் "காடு எவ்வளவு ஈரமாக இருக்கிறது பாருங்கள்" என்று மகிழ்ச்சியோடு காட்டினார். அளந்தது காட்டையல்ல, பையை. அந்த மூன்று வாரமும் போய்விட்டது. அந்த ஆண்டின் முதல் மழையும் அதற்குள் வந்து போயிருந்தது.

சருகுக்குள் வைக்கும் கருவிக்கு ஒரு சிறு மரத்துண்டைக் கூரையாக வைத்து, மேலே அதே சருகைத் திரும்ப மூடுங்கள். குரங்கும் பன்றியும் இழுத்துப் போகாமல் கம்பியால் வேரோடு கட்டுங்கள். அடையாளத் துணியைக் கருவிக்கு நேர் மேலே கட்டாமல் இரண்டு மீட்டர் தள்ளிக் கட்டுவது நல்லது. ஆட்களின் கண்ணும் பன்றியின் கண்ணும் ஒன்றுபோலவே அதில் போய் விழும்.

6. எந்த மாதத்தில் தொடங்குவது

புரட்டாசியில் கட்டுங்கள். தை முடியும் வரை விடுங்கள். எங்கள் பகுதி அடங்கும் உலர் வலயத்தில் ஆண்டு மழையின் பெரும்பங்கு ஒக்டோபர் தொடங்கி ஜனவரிக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. முதல் மழைக்கு முன்பே கருவி இருந்தால்தான் காய்ந்த நிலையிலிருந்து ஈர நிலைக்கு ஒவ்வோர் இடமும் எவ்வளவு விரைவில் மாறுகிறது என்று தெரியும்.

ஆனால் உண்மையான சோதனை அடுத்த ஆடி, ஆவணியில் வருகிறது. மாரியில் எல்லாக் காடும் நல்ல காடுதான். கோடையில் எந்த இடம் ஈரத்தைத் தக்கவைக்கிறதோ அந்த இடத்திலிருந்துதான் அடுத்த மாரியின் தவளைகள் வெளியே வரும். கோடைப் பதிவு இல்லாமல் எழுதப்பட்ட எந்த அறிக்கையையும் நான் பாதி அறிக்கை என்றே சொல்வேன்.

7. ஈரத்தை உண்டாக்குபவற்றை நாடா பிடித்து அளங்கள்

கருவி எண்ணைத் தரும், காரணத்தைத் தராது. ஒவ்வோர் அடையாளத்தைச் சுற்றியும் 10 மீட்டருக்கு 10 மீட்டர் சதுரத்தில் பின்வருவனவற்றை எழுதுங்கள்.

விதானம் (மரங்களின் இலைக் கூரை): கைபேசியைத் தரையில் மல்லாத்தி வைத்து மேல்நோக்கி ஒரு படம். படத்தில் வானம் எவ்வளவு, இலை எவ்வளவு என்று கட்டம் போட்டு எண்ணலாம். மாரியில் ஒரு படம், கோடையில் ஒரு படம் அவசியம். வீரை, பாலை போன்றவை கோடையிலும் இலையோடு நிற்கும். தேக்கு இலையைக் கொட்டிவிட்டு நிற்கும். மார்கழியில் ஒன்றுபோல் தெரியும் இரண்டு நிழல்கள் ஆடியில் முற்றிலும் வேறானவை.

சருகுப் படை: அளவுகோலை நட்டு ஐந்து இடங்களில் ஆழம் பாருங்கள். மேல் சருகு நொறுங்கும். அதன் கீழே கறுத்து, ஒன்றோடொன்று ஒட்டி, விரலில் குளிர்ச்சி தரும் படை இருக்கிறதா என்பதே கேள்வி. அகன்ற தேக்கிலை மட்டும் கிடந்தால் அப்படை உண்டாவது அரிது. இலைகள் அப்பளம் போல மேலே தூக்கிக்கொண்டு நிற்கும், காற்று அடியில் புகுந்துவிடும்.

கட்டைகளும் பொந்துகளும்: ஒரு சாணுக்கு மேல் குறுக்களவுள்ள, தரையில் கிடக்கும் கட்டைகளை எண்ணுங்கள். எத்தனை உக்கியவை என்பதைத் தனியாகக் குறியுங்கள். 1978 நவம்பர் 23 சூறாவளியை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்களிடம் அந்தக் காடு அப்போது சாய்ந்ததா என்று விசாரித்துப் பாருங்கள். எல்லா மரமும் ஒரே காலத்தில் முளைத்த காட்டில் முதிய மரம் குறைவு, ஆகவே பொந்தும் குறைவு.

நீர்: குளம், ஆறு மட்டுமல்ல. எருமை புரண்ட சேற்றுக்குழி, யானையின் கால்தடம், மருதமர வேர்களுக்கிடையே தேங்கிய நீர், எல்லாமே கணக்கு. யானை லத்தியையும் விட்டுவிடாதீர்கள். அம்பாறைக்கு அடுத்துள்ள பிபிலைப் பகுதியில் லத்திக் குவியல்களுக்குள் சிறு தவளைகள் ஒதுங்கியிருந்தது பதிவாகியிருக்கிறது. வெட்டவெளியில் கிடக்கும் ஒரு லத்திக் குவியலுக்குள் ஒரு காட்டுக் கட்டையின் அடி போன்ற ஈரம் இருக்கிறது. சில இடங்களில் அதுதான் அங்குள்ள ஒரே நிழல்.

8. இப்போது தவளை

இரவு ஏழு முதல் பத்து மணிக்குள், ஒவ்வொரு முறையும் ஒரே நேரத்தில் தொடங்குங்கள். நேரம் மாறினால் வெப்பமும் மாறும், ஒப்பிட முடியாது. கையில் நுளம்புக் களிம்பு பூசியிருந்தால் கழுவுங்கள். தவறித் தொட்டாலும் அந்த இரசாயனம் தவளையின் தோலுக்குள் போய்விடும். உடம்புக்கு முழுக்கைச் சட்டை போதும்.

அடையாளத்துக்கு வந்ததும் விளக்கை அணைத்து ஐந்து நிமிடம் பேசாமல் நில்லுங்கள். நாம் நடந்து வந்த அதிர்வில் அடங்கிய குரல்கள் மூன்றாவது நிமிடத்தில் ஒவ்வொன்றாகத் திரும்பும். கேட்டதை எழுதிவிட்டு, பிறகு இருவர் சேர்ந்து அரை மணி நேரம் அந்தச் சதுரத்தைப் பாருங்கள்: தரை, அடிமரம், தலைக்கு மேல் கிளை. எதுவும் காணாவிட்டால் "0" என்று எழுதுங்கள். வெறுமையாக விட்ட கட்டம் பார்க்காத இரவா, பார்த்தும் காணாத இரவா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

கட்டையைத் தூக்குவதாக இருந்தால் பகலில், ஒரு சதுரத்தில் இரண்டுக்கு மேல் வேண்டாம். உங்கள் பக்கமாகச் சாய்த்துத் தூக்குங்கள். உள்ளே பாம்பு இருந்தால் அது உங்களை விட்டு அப்பால் ஓடும். திரும்ப வைக்கும்போது அதே பள்ளத்தில் பொருந்த வையுங்கள். தவளை இருந்தால் கட்டையை முதலில் வைத்துவிட்டு, அது தானாக உள்ளே போக விடுங்கள். ஒருமுறை மாட்டுப் பட்டிக்காரர் ஐயா ஒருவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, கட்டையைப் புரட்டினால் அடுப்பின் மூடியைத் திறந்த மாதிரி. உள்ளே இருந்த ஈரம் போய்விடும், திரும்பி வர ஒரு மழை வேண்டும்." அதற்குப் பிறகு நான் தூக்கும் கட்டைகளின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்துவிட்டேன்.

9. எந்தத் தவளை எதைச் சொல்கிறது

எல்லாத் தவளையும் ஒரே சாட்சி சொல்லாது. வீட்டு முற்றத்துத் தேரை காட்டின் நிலையைப் பற்றி ஒன்றும் சொல்லாது. அதன் தடித்த தோல் பல இடத்துக்கும் தாங்கும். குளத்தில் மிதக்கும் பச்சைத் தவளை நீரைப் பற்றிச் சொல்லும், நிழலைப் பற்றி அல்ல. இவை இரண்டும் நிறைய இருப்பதைக் கண்டு காடு நலமாக இருக்கிறது என்று முடிவு கட்டுவது மிகப் பொதுவான தவறு.

மரத்தவளை, பொலிபெடேட்டஸ் இனம், நீருக்கு மேலே தொங்கும் இலையில் நுரைக் கூடு கட்டும். நுரையின் வெளிப்புறம் காய்ந்து ஓடுபோல் இறுகும், உள்ளே முட்டைகள் ஈரமாக இருக்கும். வாற்பேத்தைகள் (தலைப்பிரட்டைகள்) மழையில் நீருக்குள் விழும். நீர் மட்டும் இருந்து மேலே கிளை இல்லாவிட்டால் அதற்கு அந்த மடு உதவாது. கோடையில் குளியலறைச் சுவரில் வந்து ஒட்டிக்கொள்வதும் இதுவே. அந்த வருகையை நான் ஒரு முறைப்பாடாக எடுத்துக்கொள்கிறேன். அருகில் பொந்து இல்லை என்று அர்த்தம்.

கட்டையின் அடியில் நான் கண்டது யூபெரொடன் இனத்துக் குண்டுத் தவளை. மண்ணைப் பின்காலால் தோண்டி அமிழும், பொந்திலும் ஒதுங்கும், பெருமழைக்கு வெளிவந்து தற்காலிகத் தேக்கங்களில் முட்டையிடும். மண் இளகியதா, இறுகியதா என்பதற்கு இது சாட்சி.

எல்லாவற்றிலும் நுட்பமான சாட்சி சூடோஃபிலாட்டஸ் இனத்துப் புதர்த் தவளை. இதற்கு வாற்பேத்தைப் பருவமே கிடையாது. ஈரமான மண்ணிலோ இலையிலோ முட்டையிட்டு, முட்டைக்குள்ளேயே முழுத் தவளைக் குஞ்சாகி வெளிவரும். குளம் தேவையில்லை, ஆனால் முட்டை பொரியும் வரை அந்த ஒரு பிடி இடம் காயக் கூடாது. இலங்கையின் புதர்த் தவளைகளில் பெரும்பாலானவை ஈரவலயத்தில் வாழ்கின்றன, சூடோஃபிலாட்டஸ் ரீஜியஸ் போன்ற மிகச் சிலவே உலர் வலயத்திலும் பதிவாகியுள்ளன. உங்கள் காட்டில் ஒன்று கூப்பிட்டால் அந்தச் சதுரத்தில் ஒரு சருகைக்கூட நகர்த்தாதீர்கள். குரலைப் பதிந்துகொண்டு அறிந்தவரிடம் காட்டுங்கள்.

10. எண்களை வாசிக்கும் விதம்

"இங்கும் 80 சதவீதம், அங்கும் 80 சதவீதம், ஆகவே இரண்டும் ஒன்று" என்பது பிழை. சூடான காற்று அதிக நீராவியைக் கொள்ளும். 80 சதவீதத்திலும் அதற்கு இன்னும் அதிகம் வேண்டும். அந்தக் குறையைக் காற்றின் தாகம் என்று மாணவர்களுக்குச் சொல்வேன். தவளையின் தோலிலிருந்து நீரை இழுப்பது அதுதான்.

கணக்கு எளிது. நிறைவுற்ற காற்றின் ஆவியழுத்தம் 25 பாகையில் 3.17 கிலோபாஸ்கல், 27இல் 3.57, 30இல் 4.24, 32இல் 4.76, 35இல் 5.63. நூறிலிருந்து ஈரப்பதனைக் கழித்து, வரும் சதவீதத்தை இதனால் பெருக்குங்கள். 25 பாகை, 80 சதவீதம் என்றால் தாகம் 0.63. 32 பாகை, அதே 80 சதவீதம் என்றால் 0.95, ஒன்றரை மடங்கு. 35 பாகை வெட்டவெளியில் ஈரப்பதன் 50 என்றால் 2.8, கட்டையின் அடியில் 27 பாகை, 95 சதவீதம் என்றால் 0.18. இரண்டுக்கும் இடையே பதினைந்து மடங்குக்கு மேல். அந்தத் தவளை ஏன் உள்ளங்கை அகல இடத்தை விட்டு அசையவில்லை என்பதற்கு விடை இங்கே இருக்கிறது.

கருவி வைத்த ஒவ்வோர் அடையாளத்துக்கும் பகல் இரண்டு மணித் தாகத்தைக் கோடை நாட்கள் முழுவதற்கும் வரிசைப்படுத்துங்கள். சராசரியைப் பார்க்காதீர்கள், மிக மோசமான பத்து நாட்களைப் பாருங்கள். தவளையைக் கொல்வது சராசரி நாள் அல்ல.

11. காக்கும் வேலையின் வரிசை

மரம் நடுவதில் தொடங்காதீர்கள். நட்ட கன்று நிழல் தர ஆண்டுகள் ஆகும், அதுவரை இருக்கும் ஈரமும் போய்விடும்.

முதல் வேலை நெருப்பை நிறுத்துவது. சருகைக் கூட்டிக் கொளுத்தும் ஒரு மாலை, பல ஆண்டுகளாக அடுக்கிய கறுத்த படையை அழித்துவிடும். சேனைப் பயிருக்காகக் காட்டை வெட்டி எரிப்பவர்களோடு பேசி, காட்டோரத்தில் ஒரு வெட்டவெளிப் பட்டியைச் சுத்தமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அறிவுரை சொல்லப் போகாமல் வேலைக்குக் கைகொடுக்கப் போங்கள்.

இரண்டாவது, விழுந்த கட்டையை விழுந்த இடத்தில் விடுவது. விறகு தேவைப்படும் குடும்பங்கள் இருக்கின்றன, அதை மறுக்க முடியாது. கைத்தடி அளவு விறகை எடுங்கள், ஒரு சாணுக்கு மேற்பட்டதை விடுங்கள் என்பதே எங்கள் ஊரில் ஒத்துக்கொள்ளப்பட்ட எல்லை.

மூன்றாவது, கச்சான் பக்க ஓரத்தை அடைப்பது. உயர மரம் வேண்டாம். தரையிலிருந்து தலை உயரம் வரை நெருங்கிய உள்ளூர்ப் புதரே காற்றைத் தடுக்கும். மேலே விரிந்து கீழே வெறுமையான வரிசை மரங்களுக்கு அடியில் காற்று இன்னும் வேகமாகப் புகும்.

இதற்குப் பிறகுதான் நீர். முழங்கால் ஆழம் போதும், பக்கங்கள் சரிவாக இருக்க வேண்டும், வைகாசிக்குள் வற்றிவிட வேண்டும். வற்றும் மடுவில் மீன் தங்காது என்பதே காரணம். திலாப்பியாவையோ கப்பி மீனையோ விட்டால் முட்டையும் வாற்பேத்தையும் அவற்றுக்கு இரையாகும். வயலில் மருந்தடித்த நீர் வடிந்து சேரும் பள்ளத்தில் ஒருபோதும் வெட்டாதீர்கள்.

தங்குமிடம் குறைந்த இடத்தில் உடைந்த தயிர்ச் சட்டிகள் நல்ல துணை. வாயைக் கீழ்நோக்கிக் கவிழ்த்து, விளிம்பில் இரண்டு விரல் அகலம் உடைத்து வழிவிட்டு, பாதியைச் சருகால் மூடுங்கள். சுட்ட களிமண் ஈரத்தை உறிஞ்சி மெல்ல விடும். நிமிர்த்தி வைத்தால் மழைநீர் தேங்கி டெங்கு நுளம்புக்கு இடமாகிவிடும். அயலவர்கள் கோபிப்பது நியாயமே. ஆகவே வைத்தவரே வாரம் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

வேறிடத்திலிருந்து தவளை கொண்டுவந்து விடாதீர்கள். நோய் கூடவே வரும். மேலும் அங்கே குறைந்தது தவளை அல்ல, இடம்.

12. திரும்ப அளத்தல்

எதையாவது மாற்றிய பிறகு ஒரு முழுக் கோடையும் ஒரு முழு மாரியும் அதே அடையாளங்களில் அதே கருவிகளை வையுங்கள். கூடவே எதையும் மாற்றாத ஒரு பக்கத்தையும் அளங்கள். இல்லாவிட்டால் அந்த ஆண்டு மழை கூடியதா, உங்கள் புதர் வேலை செய்ததா என்று பிரித்தறிய முடியாது. முதலில் குறைய வேண்டியது பகல் இரண்டு மணித் தாகம். தவளை எண்ணிக்கை அதற்குப் பின்னே வரும், ஓரிரண்டு மாரி தாமதித்தும் வரலாம்.

கருவியை எடுக்கும் நாளில் அதன் முதுகில் இடம், உயரம், வைத்த தேதி, எடுத்த தேதி, உப்புச் சோதனைப் பிழை ஆகிய ஐந்தையும் காட்டிலேயே நின்று எழுதி ஒட்டுங்கள். வீட்டுக்கு வந்து எழுதலாம் என்று பையில் போட்டால் நான்கு கருவிகளும் ஒன்றுபோலவே இருக்கும்.